தோற்றாலும் வெளியே அனுப்பாத விளையாட்டு

'சீட்டு' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் கிடையாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. தோட்டத்தில் சம்பள நாளன்று லயத்துக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தவர்கள், விடிவதற்குள் மாதச் சம்பளத்தை இழந்து எழுந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான் வசிக்கும் டெங்கிலில் அந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. புத்ராஜெயா நகரம் எழுவதற்காக 1990களின் இறுதியில் பெராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் இங்குள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குத்தான் வந்து சேர்ந்தன. அங்கிருக்கும் ஒரு பாட்டியிடம் போய், "சனிக்கிழமை கார்டு போட்டிக்குப் போறேன் பாட்டி" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சில மாதங்களுக்கு முன்பு என் வானொலி நிகழ்ச்சியில், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லி நேயர்களை அழைத்திருந்தோம். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா பேசினார். மகன் ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறானாம். "வெள்ளிக்கிழமை ஆனா ஏதோ கார்டு வெளாடப் போயிடுறான்மா. போன் அடிச்சா எடுக்கறதில்ல. சீட்டு வெளாடறதுக்கா வீட்ட அடமானம் வச்சு அனுப்பினோம்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

வானொலியில் இரண்டு நிமிடம்தான் கிடைத்தது. "இது அந்தச் சீட்டு இல்லைம்மா" என்று சொல்வதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிட்டது. அன்று விட்ட பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நானும் வெளிநாட்டில் படித்தவள், அங்கே இந்த அட்டைகளோடு வெள்ளிக்கிழமைகளைக் கழித்தவள் என்பதால், இதில் சொல்வதற்கு எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

கணித ஆய்வாளர் கண்டுபிடித்த விளையாட்டு

முதலில் இது என்ன கார்டு என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் டிரேடிங் கார்டு கேம் என்பார்கள். சேகரிக்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம், விளையாடவும் செய்யலாம். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்'தான் இந்த வகையின் மூத்த பிள்ளை. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு 1996இல் ஜப்பானிலிருந்து போக்கிமான் அட்டைகள் வந்தன. 1999இல் யூ-கி-ஓ வந்தது. 2022இல் ஒன் பீஸ் அட்டைகள் வந்து இன்றைய பதின்ம வயதினரைப் பிடித்துக்கொண்டன.

சாதாரணச் சீட்டுக்கட்டில் 52 அட்டை. எல்லோர் கையிலும் அதே கட்டு. இதில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே அமைத்துக்கொண்டு வர வேண்டும். மேஜிக்கில் இதுவரை 25,000க்கும் மேற்பட்ட வெவ்வேறு அட்டைகள் வெளிவந்துள்ளன. அவற்றில் போட்டியின் விதி அனுமதிப்பவற்றிலிருந்து குறைந்தது 60 அட்டைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான அட்டைகளை நான்கு பிரதிக்கு மேல் வைக்க முடியாது. இருவருக்கும் ஆரம்பத்தில் தலா 20 உயிர்ப் புள்ளி. எதிராளியின் புள்ளியைப் பூஜ்யமாக்குவதுதான் வெற்றி பெறும் வழக்கமான வழி. போக்கிமானில் கதை வேறு: 60 அட்டைகளில் ஆறு பரிசு அட்டைகளைத் தனியே கவிழ்த்து வைத்துவிட்டு, அவற்றை முதலில் எடுத்து முடிப்பவர் ஜெயிப்பார்.

எந்த அட்டை கைக்கு வரும் என்பதில் அதிர்ஷ்டம் உண்டு. வந்ததை வைத்து என்ன செய்வது என்பதில் கணக்கும் பொறுமையும் உண்டு. எதிராளி கையில் என்ன வைத்திருப்பார் என்ற யூகமும் சேர்ந்துகொள்ளும். சதுரங்கத்தையும் ரம்மியையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் இது.

மெல்பர்னில் ஒரு வெள்ளிக்கிழமை

எஸ்.டி.பி.எம். முடித்து 2011இல் ஊடகப் படிப்புக்காக மெல்பர்ன் போனேன். வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்ய மாணவர் விசா அனுமதித்த காலம் அது. காலையில் விரிவுரை, மாலையில் ஓர் உணவகத்தில் தட்டு கழுவும் வேலை, இரவில் அறை. பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் அவரவர் கூட்டத்தோடு போய்விடுவார்கள். முதல் இரண்டு மாதம் நான் ஒரு நாளில் வாய் திறந்து சொன்னதை எண்ணினால் 'தேங்க்யூ', 'சாரி', 'ரசீது வேண்டாம்' என்ற அளவில்தான் இருந்திருக்கும். வானொலியில் பேசிப் பிழைக்கப்போகிற ஒருத்திக்கு அது பெரிய கொடுமை.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மளிகைக் கடையில் 20 காசுக்கு விற்ற போலி யூ-கி-ஓ அட்டைகளை வைத்து அண்ணனோடு விளையாடியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் நகர மையத்தில் ஒரு மாடிக் கடையின் அறிவிப்பைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். 'ஃபிரைடே நைட் மேஜிக்' என்று போட்டிருந்தது. உலகம் முழுவதும் சிறு கடைகளில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கும் போட்டி அது. 16 பேர் இருந்தார்கள். பெண்கள் என்னையும் சேர்த்து இருவர். என்னிடம் கட்டு இல்லை. கடைக்காரர் ஒரு கட்டை இரவல் கொடுத்துப் பெயரைக் கணினியில் பதிந்தார். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். அதில் என் பெயரும், அதற்கு எதிரே இன்னொரு பெயரும், மேசை எண்ணும் இருந்தன.

வெளிநாட்டில் தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தாளின் அருமை தெரியும். யார் பக்கத்தில் உட்காரலாம், யாரிடம் பேச்சுக் கொடுக்கலாம், நாம் வந்தது அவர்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்ற தயக்கம் எதற்கும் அங்கே வேலையில்லை. மேசை 6இல் உட்கார் என்று தாள் சொல்கிறது. எதிரே ஒருவர் வந்து உட்காருகிறார், கைகுலுக்குகிறார், கட்டைக் கலைத்து வெட்டக் கொடுக்கிறார். அடுத்த 50 நிமிடம் அவர் உங்களோடு இருந்தாக வேண்டும்.

அன்று என் மூன்றாவது எதிராளி யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். என் பெயரைத் தாளில் பார்த்துவிட்டு, "தங்கச்சி எவடம்?" என்று தமிழிலேயே கேட்டார். "மலேசியா, அண்ணா" என்றேன். "அப்ப ஆட்டத்த முடிச்சுப்போட்டுக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, ஏழே நிமிடத்தில் என்னைத் தோற்கடித்தார். மீதி நேரத்தில் எங்கே மலிவாக மரக்கறி வாங்கலாம், எந்தக் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானம் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஊர் விட்டு ஊர் வந்த எனக்கு அந்த வாரம் கிடைத்த மிகப் பெரிய பரிசு அந்தக் கோயில் விலாசம்தான்.

தோற்றவரும் தொடர்ந்து ஆடும் முறை

அன்று நான் நான்கு சுற்றில் மூன்றில் தோற்றேன். ஆனாலும் நான்கு சுற்றும் ஆடினேன். பூப்பந்துப் போட்டியாக இருந்திருந்தால் முதல் தோல்வியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லாததற்குக் காரணம், இந்தப் போட்டிகள் 'சுவிஸ் முறை'யில் நடப்பது.

1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் முதன்முதலாகப் பயன்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடும் இதே முறையில் 11 சுற்றுகளாகத்தான் நடந்தது. விஷயம் எளிமையானது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்றிருப்பவர்களை மோத விடுவார்கள். ஜெயித்தவருக்கு ஜெயித்தவர், தோற்றவருக்குத் தோற்றவர். யாரும் வெளியேற்றப்படுவதில்லை. 16 பேர் என்றால் நான்கு சுற்று, 32 பேர் என்றால் ஐந்து சுற்று. கூட்டம் இரட்டிப்பானாலும் ஒரு சுற்றுதான் கூடும்.

சதுரங்கத்தில் இது நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. புதிதாக நாட்டுக்கு வந்த ஒருவருக்கு இதன் பலன் வேறு. நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால் ஒரே இரவில் நான்கு அந்நியர்களோடு உட்கார்ந்து எழுவது உறுதி. அதிலும், இரண்டு ஆட்டம் தோற்ற பிறகு வரும் எதிராளி பெரும்பாலும் உங்களைப் போலவே புதியவராக இருப்பார். ஆட்டமும் சரிசமமாக இருக்கும், பேச்சும் சுலபமாக வரும்.

மொழியும் பெரிய தடையாக இருப்பதில்லை. மேஜிக் போட்டிகளில் எந்த மொழியில் அச்சான உண்மையான அட்டையையும் பயன்படுத்தலாம். புரியாவிட்டால் கையைத் தூக்கி நடுவரை அழைத்தால், அந்த அட்டையின் அதிகாரபூர்வ வாசகத்தைச் சொல்வார். (போக்கிமானுக்கும் யூ-கி-ஓவுக்கும் மொழி விதிகள் இன்னும் கண்டிப்பானவை. அட்டை வாங்கும் முன் கடையில் கேட்டுவிடுவது நல்லது.) ஒருமுறை கோலாலம்பூர் டி.பி.எஸ். முனையத்தில் இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலையில் குடிநுழைவு வரிசையில் நின்று, சிங்கப்பூரில் இருநூறு பேர் வரை ஆடிய போட்டிக்குப் போனேன். எட்டுச் சுற்று. அதில் ஒரு சுற்றில் எதிரே இருந்தவர் முழுக் கட்டையும் ஜப்பானிய மொழியில் வைத்திருந்தார். ஆங்கிலமும் அவருக்குக் குறைவு. நடுவர் மூன்று முறை வந்து போனார். மீதியை விரலால் எண்ணிக் காட்டியே ஆடி முடித்தோம். ஆட்டம் முடிந்து, என் தவறான ஒரு நகர்வை அவர் தன் அட்டைகளைத் திரும்ப அடுக்கி விளக்கிக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம்கூடத் தெரியாமல் இருந்தும் அந்தப் பாடம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பெயர் உண்டு

மலேசியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு டெரி சோ என்ற பெயரைச் சொல்ல வேண்டும். 2004இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மேஜிக் உலகச் சாம்பியன்ஷிப்பில் கடைசி எட்டுப் பேரில் ஒருவராக வந்த மலேசியர் அவர். அடுத்த ஆண்டு, உலகின் சிறந்த ஆட்டக்காரர்களை மட்டும் அழைத்து அக்காலத்தில் நடத்திவந்த 'இன்விடேஷனல்' போட்டியை லாஸ் ஏஞ்சல்ஸில் வென்றார். அந்தப் போட்டியின் பரிசு விசேஷமானது. வென்றவர் யோசனையில் ஓர் அட்டை உருவாகும், அதில் அவர் முகமும் வரையப்படும். அப்படித்தான் 2006இல் வெளியான 'ரக்டோஸ் ஆகர்மேஜ்' என்ற அட்டையில் ஒரு மலேசியரின் முகம் அச்சாகி உலகம் சுற்றியது.

2008 பிப்ரவரியில் இன்னொரு பெருமை. 1996இல் நியூயார்க்கில் தொடங்கிய 'புரோ டூர்' என்ற உயர்மட்டப் போட்டி கோலாலம்பூருக்கே வந்தது. நான் அப்போது ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். பாடங்களோடு போராடிக்கொண்டிருந்தேன். என் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அப்படி ஒன்று நடந்ததே மெல்பர்ன் போன பிறகுதான் எனக்குத் தெரியும். வென்றவர் அமெரிக்காவின் ஜான் ஃபிங்கல். அவர் 2000ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன். எட்டு ஆண்டு கழித்து, முழுக்கப் புதிய அட்டைகளோடு, புதிய தலைமுறையை எதிர்த்து மீண்டும் ஜெயித்தார். இது வெறும் அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான். அதிர்ஷ்டம் ஒரே ஆளிடம் அத்தனை ஆண்டு குடியிருப்பதில்லை.

ஆனால் இந்தப் பெருமைகளின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய போட்டிகள் பெரும்பாலும் நம்மைத் தேடி வருவதில்லை. நாம்தான் சிங்கப்பூர், பேங்காக், ஜப்பான் என்று போக வேண்டும். விமானச் சீட்டு, தங்கும் செலவு, வேலையில் விடுப்பு எல்லாம் சேர்ந்தால் பரிசுத்தொகை அதற்கு ஈடாவது அபூர்வம். மெல்பர்னில் எனக்குத் தெரிந்த மலேசிய மாணவர் ஒருவர், இதையே தொழிலாக்கிக்கொள்கிறேன் என்று ஒரு பருவம் முழுக்க வகுப்புக்குப் போகவில்லை. நன்றாக ஆடுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாணவர் விசாவுக்குப் படிப்புதான் ஆதாரம். கடைசியில் பட்டமும் இல்லாமல் விசாவும் இல்லாமல் ஊர் திரும்பினார். இந்த விளையாட்டை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் உலக அளவிலேயே மிகச் சிலர். கிள்ளான் அம்மாவின் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சூது எங்கே ஒளிந்திருக்கிறது?

பயப்பட வேண்டிய இடம் எது என்பதில்தான் நாம் குழம்பிவிடுகிறோம். போட்டி நடக்கும் மேசையைப் பார்த்துப் பயப்படுகிறோம். அங்கேயோ சூதுக்கு எதிரான விதிகள்தான் இருக்கின்றன. ஆட்ட முடிவின் மீது பந்தயம் கட்டுவது மேஜிக் போட்டி விதிகளின்படி தண்டனைக்குரிய குற்றம். எதிராளிக்குப் பணம் கொடுத்து விட்டுக்கொடுக்கச் சொல்வதும் குற்றம். ஆட்டம் சமநிலையில் முடியப்போகிறது, காசு சுண்டி யார் ஜெயித்தது என்று முடிவு செய்துகொள்வோம் என்று இருவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டால்கூட அதுவும் குற்றம்தான்.

சூதின் வாடை வீசும் இடம் வேறு. அது கடையின் கல்லாப்பெட்டி அருகே தொங்கும் பாக்கெட். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கிப் பிரிக்கும் பாக்கெட். 2008 முதல் மேஜிக்கில் 'மிதிக் ரேர்' என்ற அரிய வகை வந்தது. நான் ஆடத் தொடங்கிய காலத்தில் ஏறக்குறைய எட்டு பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது கிடைக்கும். அதிலும் நமக்கு வேண்டிய குறிப்பிட்ட அட்டைதான் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று கை நீள்வது இங்கேதான். கணினி விளையாட்டுகளில் இதே பாணியில் விற்கப்படும் மர்மப் பெட்டிகளில் சிலவற்றை 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் சூதாட்டமாகவே அறிவித்தது.

இதோடு செய்தித் தலைப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. உலகில் ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிடப்பட்ட மோதிர அட்டை ஒன்றை 2023இல் அமெரிக்கப் பாடகர் போஸ்ட் மலோன் 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். இப்படி ஒரு செய்தியைப் படிக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு, அடுத்த பாக்கெட்டில் தனக்கும் ஒரு வீடு இருப்பதாகத் தோன்றும்.

ஆடுபவர்களுக்குப் பாக்கெட் பிரிப்பது அவசியமே இல்லை. வேண்டிய அட்டையைத் தனியாக, விலை தெரிந்து வாங்கலாம். நிறைய அட்டைகள் ஒரு ரிங்கிட்டுக்கும் குறைவு. நண்பர்களிடம் இரவல் வாங்கலாம். பாக்கெட் பிரித்துத்தான் ஆட வேண்டும் என்ற ஒரு போட்டி உண்டு, அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று பாக்கெட் எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றாகப் பிரிப்பார்கள். பிடித்த ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளி, கிடைத்ததில் 40 அட்டைக் கட்டு அமைத்து மோதுவார்கள். நான் போகும் கடையில் அதற்கு ஏறக்குறைய 70 ரிங்கிட். இரவு நான்கு மணி நேரம் ஓடிவிடும். சொந்தக் கட்டோடு ஆடும் சாதாரண வெள்ளிக்கிழமைக்கு 15 ரிங்கிட்தான். இந்தக் காலத்தில் இரண்டு பேர் பேரங்காடிக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வரும் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதே நேரத்தில், பெரிய போட்டிக்கான கட்டுகள் பல நூறு ரிங்கிட்டைத் தாண்டும், சில ஆயிரத்தையும் தாண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சைபர்ஜெயாவுக்கு வந்த மதுரைக்காரர்

படிப்பு முடிந்து 2014இல் ஊர் திரும்பி வானொலியில் சேர்ந்தேன். வார இறுதிகளில் வேலை இருப்பதால் பெரிய போட்டிகளுக்குப் போவது குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுவதில்லை. டெங்கிலிலிருந்து புத்ராஜெயா சென்ட்ரலுக்குக் காரில் போய், அங்கிருந்து எம்.ஆர்.டி. பிடித்தால் நகரம்.

இப்போது நிலைமை தலைகீழ். அன்று நான் அந்நியள், இன்று நான் உள்ளூர்க்காரி. எங்கள் வட்டாரத்தில் சைபர்ஜெயா இருக்கிறது. பல நாட்டு மாணவர்களும், கணினி நிறுவனங்களில் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்களும் நிறைந்த நகரம். அவர்கள் வசிக்கும் அடுக்குமாடிகளின் விளக்குகள் இரவு முழுக்க எரியும். கீழே மாமாக் கடையில் பார்த்தால் ஆளுக்கொரு மேசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, என் எதிரே உட்கார்ந்த இளைஞர் என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ரேடியோல பேசுறவங்கதானே மேடம்? கார்ல போறப்ப கேப்பேன்" என்றார். மதுரைக்காரர். சைபர்ஜெயாவில் இரவு ஷிப்டு வேலை. "மேடம் எல்லாம் வேண்டாம் தம்பி, அக்கான்னே கூப்பிடுங்க" என்றேன். சின்ன வயதில் அவருக்கு மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டுகள்தான் உயிராம். அண்டர்டேக்கர் கார்டுக்காக நண்பனோடு சண்டை போட்டு மூக்குடைந்த கதையைச் சொன்னார். மேஜிக்கைக் கைப்பேசியில் ஆடிப் பழகியவர், மேசையில் ஆடுவது அன்றுதான் முதல் முறை. கை நடுங்கி இரண்டு தடவை கட்டைக் கீழே போட்டார். கைப்பேசியில் கட்டை அதுவே கலைத்துக்கொள்ளும், இங்கே நம் கையால் கலைக்க வேண்டுமே!

என்னை ஜெயித்துவிட்டு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "இங்க வந்து ஒன்பது மாசம் ஆச்சுக்கா. ஆபீஸ் ஆளுங்களத் தவிர வேற யாருகூடவும் நான் உக்காந்து பேசுனது இன்னைக்குத்தான்." அதன் பிறகு மாதம் இரண்டு முறையாவது வருகிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போக விடுப்பு கிடைக்காதபோது, கடைக்கு வரும் எங்கள் கூட்டத்தோடு பிரிக்பீல்ட்ஸ் வந்து பலகாரம் வாங்கினார். அந்தக் கூட்டத்தில் ஒரு சீனர், இரண்டு மலாய்க்காரர்கள், ஓர் இந்தோனேசிய மாணவி. முறுக்கு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்தச் சீன நண்பர்தான்.

கைப்பேசியிலேயே ஆடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடைகள் மூடியபோது நாங்கள் எல்லோரும் இணையத்தில்தான் ஆடினோம். ஆட்டம் கிடைத்தது. எதிராளிக்கு முகம் கிடையாது, பெயர்கூடப் புனைபெயர். அறையில் தனியாக இருப்பவர் அறையிலேயே தனியாக இருந்தார். மதுரைத் தம்பிக்கு அந்த ஒன்பது மாதமும் ஆட்டம் இல்லாமல் போகவில்லை, ஆள்தான் இல்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் பிள்ளைகளுக்கு என் யோசனை எளிமையானது. போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பக்கத்தில் வெள்ளிக்கிழமைப் போட்டி நடத்தும் கடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். பாக்கெட் வாங்க வேண்டாம். "நான் புதுசு, கட்டு இரவல் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் யாராவது ஒருவர் பையைத் திறந்து கொடுப்பார். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரத்தில் போகாதீர்கள், அடுத்த வெள்ளிக்கிழமையும் கடை திறந்துதான் இருக்கும். பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று: முதல் தடவை ஒரு தோழியோடு போங்கள். பெண்கள் குறைவாக இருக்கும் கடைதான் அதிகம். யாராவது முகம் சுளிக்கும்படி நடந்தால் கையைத் தூக்கி நடுவரை அழையுங்கள். அட்டை விதிக்கு மட்டும் அல்ல, மரியாதையாக நடந்துகொள்வதற்கும் போட்டிகளில் விதி இருக்கிறது. நடவடிக்கை எடுக்காத கடைக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு கேள்வியைச் சொல்லித் தருகிறேன். போனில் பேசும்போது, "சீட்டு வெளாடுறியா?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் எத்தனை சுற்று ஆடினே? யாரோட ஆடினே?" என்று கேளுங்கள். பிள்ளை உற்சாகமாக நான்கு பேரைப் பற்றிச் சொன்னால், நல்ல இடத்தில்தான் இருக்கிறான் என்று நம்பலாம். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இந்தக் கார்டு இவ்வளவு விலைக்குப் போகும், அந்தக் கார்டு அவ்வளவு விலைக்குப் போகும் என்றே பேசினால், கொஞ்சம் நிதானமாகக் கணக்குக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வகுப்புக்குப் போகிறானா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், டெங்கில் என்று எங்கே இருந்தாலும், உங்கள் வீட்டுப் பக்கத்தில் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் இருப்பார்கள். இந்த விளையாட்டு தெரிந்த நம் பிள்ளைகள் அவர்களில் ஒருவரை ஒரு வெள்ளிக்கிழமை கூட அழைத்துப் போகலாம். கட்டு இல்லையென்றால் பரவாயில்லை. எங்கள் கடைக்கு வருவதாக இருந்தால், என் பையில் இரவல் கொடுப்பதற்கென்றே எப்போதும் இரண்டு கட்டு இருக்கும்.